காதறுத்த மான்

மான் பிடிக்கிற வேலை பார்த்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கலாம். மான் விடுகிற வேலை பார்த்தவன், எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அரிமளம் பக்கத்துக் காட்டில் ஒரு காலத்தில் புள்ளிமான் மந்தை மந்தையாக மேய்ந்ததாம். துப்பாக்கிக்காரர்களும் வலைக்காரர்களும் சேர்ந்து ஒன்று பாக்கியில்லாமல் தின்று தீர்த்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் திருக்கோகர்ணத்தில் ஒரு பெரிய பங்களாவின் சொந்தக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணம் போனார். போகும்போது, தோட்டத்தில் செல்லமாக வளர்ந்த ஏழெட்டு மான்களை எங்கள் காட்டு இலாகாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இவற்றைக் காட்டில் விட்டால் பழையபடி பெருகாதா என்று மேலே யாருக்கோ ஒரு யோசனை வந்தது. காட்டில் ஒரு குட்டி பிறந்து அடுத்த கோடைவரை பிழைத்துக் கிடந்தால் இன்னும் மான் கொண்டுவந்து விடுவது. இல்லாவிட்டால் மிஞ்சியதைப் பிடித்து மதராஸில் கூண்டுக்கு அனுப்புவது. இதுதான் உத்தரவு. அதற்குக் காவல் வாச்சர் நான். பெயர் சவரிமுத்து, சொந்த ஊர் ஆவூர்; நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் சம்பந்தி வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறீர்களா? பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் போகாமல் கேட்டையே சுற்றி வந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களிடம் சொன்னால்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

லாரியை விட்டு இறங்காதவர்கள்

பங்களாவிலிருந்து கிளப்புவதற்கு முன்னால், கால்நடை டாக்டர் ஒவ்வொரு மானுக்கும் இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டார். பின்னாளில் பார்த்தால் நாங்கள் விட்ட மான் என்று தெரிய வேண்டுமாம். தலையைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. மற்றவை எல்லாம் உதைத்துத் துள்ளின. ஒரே ஒரு இளம்பெட்டை மட்டும் என் சட்டைப் பொத்தானை வாயில் போட்டு மென்றுகொண்டே வெட்டை வாங்கிக்கொண்டது. தழையைப் போட்டால் முற்றல் இலையை ஒதுக்கிவிட்டு நுனியை மட்டும் தின்னும். அதனால் அதற்குக் கொழுந்து என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்கக் கூடாது என்று ரேஞ்சர் ஐயா சொன்னார். அவர் சொன்னபோது பெயர் வைத்தாகிவிட்டது.

காட்டோரத்தில் நல்லாங்குடி என்று ஒரு ஊர். அதைத் தாண்டி லாரியை நிறுத்திப் பின்கதவைத் திறந்தோம். திறந்ததும் மான்கள் பாய்ந்து போகும், வாலைத்தான் பார்க்கலாம் என்று சொல்லி ரேஞ்சர் எல்லாரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஊரே ஒதுங்கி நின்றது. மான்கள் லாரியிலேயே நின்றன. வெளியே மழை பெய்து முடிந்த காடு பச்சைப்பசேலென்று கிடக்கிறது. இவை ஒன்றன் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்க்கின்றன. ரேஞ்சர் கையைத் தட்டினார். நான் உள்ளே ஏறித் தள்ளலாமா என்று கேட்டேன். லாரி டிரைவர்தான் பீடியை அணைத்துவிட்டு வந்து என் தோளைத் தொட்டார்.

"வெரட்டாதீங்கண்ணே. எங்க வீட்டுக்காரியும் மொதத் தடவ எங்கூருக்கு வந்தப்ப வண்டிய விட்டு எறங்கலைங்க. பாத்துட்டுத்தான் எறங்கும். நாம பேசாம இருப்போம்."

தினமும் விரட்டிய கருப்பையா

இறங்கின. இறங்கிய இரண்டாம் நாளே கொழுந்து ஊருக்குள் வந்துவிட்டது. நல்லாங்குடிக்கு ரோடு பிரிகிற விலக்கில் கருப்பையா ஒரு டீக்கடை வைத்திருந்தார். கொழுந்து நேராகப் போய் பெஞ்சுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றதாம். பால் வாங்க வந்தவர் அதைச் சுற்றிக்கொண்டு போனாராம்.

நான் ஓடிப்போய்ச் சட்டம் பேசினேன். இது காட்டு மிருகம், மனுஷனோடு பழகினால் உயிருக்கே ஆபத்து, வந்தால் விரட்ட வேண்டும், தின்னக் கொடுத்தால் கேஸ் வரும் என்றேன். கருப்பையா ரொம்பப் பயந்த ஆள். விரட்டிவிடுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் கடை வாசலெல்லாம் வாழைப்பழத் தோல். எனக்கு வந்த கோபத்தில் இது என்னய்யா என்று கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிப்போய்ச் சொன்னார்.

"சாமி சத்தியமா வெரட்டினேங்க. நாளைக்கு வந்தாலும் வெரட்டுவேன். வெறும் வயித்தோட எப்படி வெரட்டுறது, அதான் ரெண்டு பழத்தக் குடுத்து வெரட்டினேன்."

தகரம்

இப்படியே போனால் ஆகாது என்று ரேஞ்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மனுஷனைக் கண்டால் மான் ஓட வேண்டும். அதைப் பழக்க வேண்டியது என் பொறுப்பு. சத்தம் போடு, தகரத்தை அடி, தேவைப்பட்டால் மண்ணாங்கட்டியை எறி என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆளைக் கண்டு ஓடாத மான் எத்தனை நாள் காட்டில் இருக்கும்?

காட்டோரத்தில் எனக்கு ஒரு குடிசை. வீட்டிலிருந்த தகர டின்னை எடுத்துக்கொண்டு போய், மான்கள் மேய்கிற இடத்தில் நின்று ஒரு கட்டையால் ஓங்கி அடித்தேன். மற்றவை நாலு அடி விலகி நின்று முழித்தன. கொழுந்து மட்டும் தூரத்திலிருந்து பாய்ந்து வந்து, தகரத்துக்குள் தலையை விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டுக்கு ஏற்றும்வரை பங்களாவில் நான் தவிடு வைத்த தகரம் அது. தினமும் தட்டித் தட்டித்தான் கூப்பிடுவேன். மண்ணாங்கட்டியை எடுத்துப் பார்த்தேன், கை வரவில்லை. வீட்டுக்கு வந்து என் சம்சாரம் லூர்தம்மாவிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்று நினைத்தது என் தப்பு.

"சோத்துக்குத் தட்டுன தகரத்த வெரட்டுறதுக்குத் தட்டினா அது என்னத்தக் கண்டுச்சு? அந்த இடத்துல நான் இருந்தாலும் தட்டத் தூக்கிக்கிட்டுத்தான் வந்திருப்பேன்."

செல்லாயியின் கடலை

தை மாதம் செல்லாயி வந்து என் குடிசை வாசலில் ஒரு கூடையைக் கவிழ்த்தார். கூடை நிறையக் கடலைச் செடி. எல்லாவற்றிலும் நுனி இல்லை. யார் வேலை என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. செல்லாயி புருஷனை இழந்தவர். கிணற்றடியில் இருந்த துண்டுக் கொல்லையில் கடலை போட்டு ஒண்டியாகப் பாடுபடுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். என்னையும் சர்க்காரையும் மானையும் சேர்த்து அவர் வைத வசவில் பாதியை இங்கே எழுத முடியாது.

நாளைக் காலையில் நானே வந்து காவல் இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். விடிகிற நேரத்தில் போனால் அவரும் கையில் கம்போடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். பனி விலகியதும் கொழுந்து வந்தது. செல்லாயி கம்பை ஓங்கிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது நடக்கிற நடையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கம்பைக் கீழே ஊன்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே என்னிடம் கேட்டார், இது எத்தனை மாசம் என்று. தினமும் பார்க்கிற எனக்கு அது தெரியவே இல்லை. காட்டில் பிறக்கப்போகிற முதல் குட்டி கொழுந்தின் வயிற்றில்தான் இருக்கிறது. மதராஸ் கூண்டா காடா என்பதும் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. செல்லாயி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வேலியைப் பார்க்கப் போனார்.

"மசக்கைக்காரி வாய்க்கு ருசியாக் கேட்டிருக்கு, வந்திருக்கா. அந்தக் கடைசி ரெண்டு பாத்தி அவளுக்கு இருக்கட்டும் தம்பி. வேலிய நான் இங்கிட்டு நகட்டிப் போட்டுக்கிறேன்."

மாசி வேட்டை

மாசியில் சிவராத்திரி கழிந்ததும் நல்லாங்குடியில் பாரிவேட்டை. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கம்பும் வலையும் நாய்களுமாகக் காட்டில் இறங்குவார்கள். ஒரு கோஷ்டி தகரம் அடித்துக் கத்திக்கொண்டு விரட்டும். மறுபக்கம் ஒரு கோஷ்டி வலை கட்டி நிற்கும். முயலோ கௌதாரியோ, அகப்பட்டதை அய்யனார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேட்டையை முன்னின்று நடத்துகிற ஊர்த் தலைவர் அம்பலத்தைப் போய்ப் பார்த்தேன். மானை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். வலையில் விழுவது அய்யனார் கொடுப்பது, அதில் இது வேண்டும் அது வேண்டாம் என்று நாங்கள் சொல்ல முடியாது என்று மரியாதையாகச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார். ரேஞ்சரிடம் போனேன். ஊரையே பகைத்துக்கொண்டு காட்டைக் காப்பாற்ற முடியாது, நீ போய் நின்று சமாளி என்று ஒரு விசிலைக் கொடுத்தார். நூறு ஆளுக்கு ஒரு விசில்.

வேட்டையன்று நான் விரட்டுகிற கோஷ்டியோடு நடந்தேன். தகரச் சத்தம் காதைப் பிளந்தது. முயல்கள் வலைப் பக்கம் ஓடின. மற்ற மான்களும் எங்கேயோ சிதறி மறைந்தன. கொழுந்து மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, எதிர்த் திசையில், தகரம் அடிக்கிறவர்களை நோக்கியே நடந்து வந்தது. தவிடு என்று நினைத்துவிட்டது. நான் விசிலை வாயில் வைத்தேன். ஊதுவதற்குள் முன்னால் நின்றவன் கம்பைத் தூக்கிவிட்டான். தூக்கிய கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவனிடம் என்னவோ சொன்னான். தகரச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒருவன் இடுப்பில் கட்டினான். பிறகு பார்த்தால் எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் காது நுனியை வெட்டி விடுவார்கள். அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். ஆவூரில் பிறந்த எனக்கு இது தெரியாததில்லை. ஆட்டுக்கு உள்ள வழக்கத்தை மானோடு சேர்த்துப் பார்க்கத்தான் என் மண்டைக்குத் தோன்றவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். இது சாமிக்கு நேர்ந்தது இல்லை, ஆபீஸ் அடையாளம், டாக்டர் வெட்டியது, நான்தான் தலையைப் பிடித்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அம்பலம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நேந்துக்கிட்டவுக வெளிய சொல்ல மாட்டாக. நீங்க வேதக்காரரு வேற, அய்யனாரு பேரு ஒங்க வாயில எப்படி வரும்? எங்களுக்குப் புரியுது, நீங்க வீட்டுக்குப் போங்க."

முழுக் காது

சித்திரையில் கொழுந்து குட்டி போட்டது. காரைப் புதருக்குள் சுருண்டு கிடந்ததைக் கண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது; அதை எதற்கு மறைக்க வேண்டும்? ஈரம் காயாத உடம்பு, உடம்பெல்லாம் புள்ளி. காது இரண்டும் வெற்றிலைக் கொழுந்து மாதிரி நிமிர்ந்து நின்றன. அந்தக் காதுகளைப் பார்த்ததும் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. இரண்டும் முழுக் காது.

குட்டியைப் பிடித்து அடையாளம் போடலாமா என்று ரேஞ்சரைக் கேட்டேன். காட்டில் பிறந்ததை யாரும் கையால் தொடக் கூடாது, மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காமல் போனாலும் போகும் என்றார். அதுவும் நியாயம்தான். அவர் சொல்கிற எல்லாமே நியாயமாக இருந்ததுதான் எனக்குத் தொந்தரவு. கருப்பையா கடையில் இதே பேச்சு. தாய் சாமிக்கு என்றால் குட்டி யாருக்கு? தாயோடு சேர்ந்ததுதான் குட்டி என்றது ஒரு கட்சி. காது முழுசாக இருந்தால் அது காட்டுக்குச் சொந்தம், மாசியில் வலையில் விழுந்தால் பங்குதான் என்றது இன்னொரு கட்சி. நான் போனதும் இரண்டு கட்சியும் என் முகத்தைப் பார்க்கும். அது சாமிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மாசியிலிருந்து இல்லை இல்லை என்று சொன்ன வாய், சொல்ல வரவில்லை. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே லூர்தம்மா சொன்னாள்.

"பொய் சொல்லச் சொல்லலைங்க. நீங்க உண்மையச் சொன்னப்பத்தான் ஒருத்தரும் நம்பல. சும்மா இருந்து பாருங்க, அதையாச்சும் நம்புறாகளான்னு பாப்போம்."

அய்யனார் கோயில் வாசலில்

அடுத்த மாசி வந்தது. குட்டி தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. இந்த வேட்டையைத் தாண்டிவிட்டால் கோடைவரை பயமில்லை, மேற்கொண்டு மான் வரும். தாண்டாவிட்டால் மதராஸிலிருந்து கூண்டு வரும். ரேஞ்சரே ஜீப்பில் வந்து அய்யனார் கோயிலுக்கு முன்னால், மண் குதிரைகளின் நிழலில் நின்றார். என்னைக் காட்டுக்குள் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். நீ பக்கத்தில் நின்றால் அது உன்னிடம் வரும், எங்கேயாவது ஓடித் தப்பிக்கிறதைக் கெடுக்காதே என்றார். நான் குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காட்டுக்குள் தகரச் சத்தம் எழும்பியது, நெருங்கியது, ஒரு இடத்தில் நின்றது. நாய்கள் குரைத்தன. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. நான் ஜெபம் சொன்னேன். எந்தச் சாமி கோயில் வாசலில் நின்று சொல்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை.

பொழுது சாயும்போது வந்தார்கள். முயல்களை வரிசையாக வைத்தார்கள். கௌதாரிகளை வைத்தார்கள். கடைசியில் அம்பலம் வந்தார். அவர் துண்டில் ரத்தம். எங்கே என்று கேட்டேனாம். கேட்டது எனக்கு நினைவில்லை. அம்பலம் ரேஞ்சரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். குட்டி வலையில் விழுந்ததாம். தூக்கிப் பார்த்தால் காது முழுசு. வெட்டலாம் என்று ஒருவன் அரிவாளை எடுத்தானாம். தாய் ஓடிப்போகாமல் எட்ட நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குமேல் கை வரவில்லை என்றார். தாயை நேர்ந்துவிட்டவர்கள் குட்டிக்கு அடையாளம் போட மறந்துவிட்டார்கள், வேதக்காரரான நானும் அதைச் செய்ய முடியாது என்று ஊரே கூடிப் பேசி, அங்கேயே அய்யனாருக்கு நேர்ந்து, தாங்களே காதை வெட்டி விட்டுவிட்டார்களாம். துண்டில் இருந்தது அந்த ரத்தம். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்து அம்பலத்துக்கு என்ன சந்தேகம் வந்ததோ, கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"எடது காதுதாங்க. தாயப் பாத்து, அதே மாதிரிதான் வெட்டினோம்."

மறுநாள் காலையில் காட்டுக்குள் போனேன். காரைப் புதர்ப் பக்கம் இரண்டும் நின்றன. தகரத்தைத் தட்டினேன். கொழுந்து தலையைத் தூக்கி ஒரு அடி என் பக்கம் எடுத்து வைத்தது. மனுஷக் கை பட்டு வலி கண்ட குட்டி என்னைப் பார்த்த மாத்திரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கொழுந்து குட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு குட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டது. தகரத்தை அந்தப் புதரிலேயே மாட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

மனுஷனைக் கண்டால் ஓட வேண்டும் என்று மானைப் பழக்கச் சம்பளம் வாங்கியவன் நான், பழக்கிவிட்டவர்கள் நல்லாங்குடிக்காரர்கள், அது பழகிக்கொண்ட அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.